ஒன்பதாவது நண்டு

சம்பளம் விழுந்த வெள்ளி.
நாயாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
சந்தியோகுவின் கடை:
நாலு தகரம், ஆறு பிளாஸ்டிக் கதிரை.
ஒன்றுக்குக் கால் வெடித்துக் கம்பியால் கட்டியிருக்கு.
அந்தக் கதிரை எப்பவும் எனக்குத்தான்.

பலகையில் சோக்கட்டியால் எழுதியிருப்பதெல்லாம்
நேற்றையது.
இன்றையதைக் கேட்டுத்தான் அறியவேணும்.
"திரளி இருக்கு. கணவாய் முடிஞ்சுது.
நண்டு இப்பதான் களப்பால வந்தது,
இன்னும் கோபத்தில இருக்கு" என்றார்.
"கோபத்தில இருக்கிறதையே தாங்கோ" என்றாள் தர்மினி.

மூன்று பேர் நாங்கள்.
கிழமையில் ஐந்து நாள்
கண்ணிவெடி தேடி
முழந்தாளில் நின்று
நிலத்தை விரல்விரலாய்ச் சுரண்டுகிறவர்கள்.
தர்மினிதான் அணித் தலைவி.
தும்மல் வந்தால்கூட
மூன்று அடி பின்னுக்கு வந்துதான் தும்முவாள்.

முதலில் சூடைப் பொரியல்.
முள்ளோடு நொறுங்கும், தலையோடு இனிக்கும்.
கதை நின்றது.
பிறகு சிவப்பரிசிச் சோறு,
லஞ் சீற்றில் ஆவி பூத்து ஒட்ட ஒட்ட.
திரளிச் சொதியில் மிதந்த பச்சை மிளகாயை
நிறோஜினி ஒதுக்கி வைத்தாள்,
ஒருவரும் பாராதபோது தின்றாள்.

பிறகு நண்டு.
முருங்கையிலை போட்டு,
தூள் கறுக்கக் கறுக்க வறுத்து,
பழப்புளி கடைசியில் விட்டு
எப்படிச் சொல்ல,
முதல் வாய்க்கு மூக்கு ஓடியது.
இரண்டாவதுக்குக் கண்.
மூன்றாவதுக்குப் பிறகு
லீசிங் காசு, பல்லுக்கொதி, மேலதிகாரி
ஒருவரும் மேசைக்குக் கிட்ட வரவில்லை.

தர்மினி பெரிய காலை எடுத்தாள்.
மேசையில் வைத்தாள்.
சோடாப் போத்தலின் அடியால்
டொக்!
ஓடு பறந்து என் தலைமயிருக்குள் விழுந்தது.
இன்னொன்று. டொக்!
இவளா,
ஒரு துருப்பிடித்த ஆணியை
இருபது நிமிடம் சுற்றிச் சுற்றிக் கிண்டி எடுக்கிறவள்?
உறிஞ்சுகிறாள், சூப்புகிறாள்,
முழங்கை வரைக்கும் குழம்பு வழிகிறது.
ஓட்டுக்குள்ளிருந்து வெள்ளைச் சதை முழுசாய் வழுக்கி வர
"ஆ, வந்திட்டார்" என்று வரவேற்கிறாள்.

சந்தியோகு கணக்குக்கு வந்தார்.
நாங்கள் எண்ணவில்லை.
அவர் எண்ணினார், ஓடு ஓடாய்:
"எட்டு. கூடையில இருந்தது ஒன்பது."
குசினிக்குள் போனார், திரும்பி வந்தார்.
"ஒண்டு நடந்திட்டுது."

பிரிட்ஜுக்குக் கீழே சரசரப்பு.
அவர் தும்புத்தடி எடுத்தார்.
"விடுங்கோ அண்ணை" என்று தர்மினி எழும்பினாள்.
முழந்தாளிட்டாள்.
கன்னம் சீமெந்தில் பட,
கரண்டியை முப்பது பாகை சரித்து,
ஒரு விரல் அகலம்,
இன்னொரு விரல் அகலம்.
எங்களுக்கும் மூச்சு நின்றது, பழக்கத்தில்.
பக்கத்து மேசை மணல் லொறிக்காரர்கூட
சப்புவதை நிறுத்தினார்.

கரண்டி நின்றது.
திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினாள்.
நான் தக்காளிச் சோஸ் போத்தலைக் கொடுத்தேன்.
சிவப்பு மூடி தெரிய
அதை அந்த இடத்தில் நட்டு வைத்தாள்.
பிறகுதான் சிரிப்பு வெடித்தது,
முதலில் நிறோஜினிக்கு,
பிறகு எனக்கு,
பிறகு ஏனென்று தெரியாமலே லொறிக்காரருக்கு.

அந்தச் சத்தத்துக்குள்ளே நண்டு
கரண்டியைக் கவ்வியபடி வெளியே வந்தது.
மற்றக் காலை உயர்த்தியிருந்தது.
சரியான சண்டைக்காரன்.
"இதை என்ன செய்ய?" என்றார் சந்தியோகு.
களப்பு இருபது அடி தூரம்தான்.
தர்மினி களப்பைப் பார்த்தாள்.
நண்டைப் பார்த்தாள்.
"இந்த முறை உப்பைக் கொஞ்சம் குறைச்சு" என்றாள்.

சட்டி மறுபடி ஏறியது.
கடற்காற்று லஞ் சீற்றைக் கிளப்பிக்கொண்டு போக
நிறோஜினி துரத்திப் பிடித்தாள்.
லொறிக்காரர் தன் கதிரையை இழுத்துக்கொண்டு
எங்கள் மேசைக்கு வந்தார்.
ஒரே ஒரு கால் போதும் என்றார்.
பெரியதா சின்னதா என்ற பேச்சுவார்த்தை
நாங்கள் எழும்பும்வரை முடியவில்லை.